ரோஸ் ஹில் மிக்ஸிங் அறை: ரவானும் இரண்டு கிட்டாரும் ஒரே பாட்டில் நிற்குமா?

உங்கள் பாட்டில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும் ஒரு குரலும் மட்டும்தான் என்றால் இதைப் படிக்கவே வேண்டாம், வீட்டில் லேப்டாப்பிலேயே முடித்துவிடலாம், காசு மிச்சம். நான் எழுதுவது எங்களைப் போல எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிற பேண்டுகளுக்கு. டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டார் இரண்டு, பாஸ், முழு டிரம் செட், அதற்கு மேல் ரவான் (தோல் போர்த்திய வட்டப் பறை), மரவான் (உள்ளே விதைகள் போட்டுக் குலுக்கும் பெட்டி), கொஞ்சம் கீபோர்டு, தமிழில் ஒரு குரல், மொரீசியஸின் பேச்சு மொழியான கிரியோலில் ஒரு குரல். மேடையில் இது நன்றாகத்தான் இருக்கும், ஆட்கள் குதிப்பார்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டால் வெறும் இரைச்சல். நாலு பாட்டுள்ள சின்ன ஆல்பம் ஒன்றை மொரீசியஸின் ரோஸ் ஹில் ஊரில் இருக்கிற ஒரு மிக்ஸிங் ஸ்டுடியோவில், அதாவது தனித்தனியாகப் பதிவு செய்த ஒலிகளை ஒரே பாட்டாகக் கலக்கும் இடத்தில், கொடுத்து வாங்கினோம். அந்த அனுபவம்தான் இது.

பெயர் போடவில்லை. அங்கே மிக்ஸ் செய்கிறவருக்கு விளம்பரம் பிடிக்காது, வாசலில் போர்டுகூடக் கிடையாது. மெட்ரோவில் ரோஸ் ஹில் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், ஒரு வீட்டின் கீழ்த்தளம். மொரீசியஸில் ராக் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், இரண்டு பேரிடம் கேட்டால் மூன்றாவது ஆள் நம்பர் கொடுத்துவிடுவார்.

முதலில் சிக்கல் என்ன என்று கொஞ்சம் சொன்னால்தான் அவர் செய்தது புரியும். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் (ஒலியின் அதிர்வெண், எண் குறைந்தால் கீழ் ஒலி) தொடங்குகிறது. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82. எங்கள் ஒரு பாட்டில் அதை ‘டி’க்கு இறக்கி வாசிக்கிறோம், அப்போது 73. காலால் அடிக்கும் கிக் டிரம்மின் கனம் பெரும்பாலும் 50க்கும் 80க்கும் நடுவில் இருக்கும், ரவானின் அடிநாதம் அதற்குச் சற்று மேலே. ஆக, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நாலு பேர் அடித்துக்கொள்கிறார்கள். இதில் டிஸ்டார்ஷன் வேறு. டிஸ்டார்ஷன் என்றால் அடிப்படையில் ஒலி அலையின் உச்சியை வெட்டுவதுதான். வெட்டினால் புதிது புதிதாக ஹார்மோனிக்ஸ் (கூடவே ஒலிக்கும் மேல் ஒலிகள்) பிறக்கும், ஓங்கி வாசித்ததும் மெல்ல வாசித்ததும் ஒரே அளவுக்கு வந்துவிடும். ஒற்றைக் கிட்டாரே கீழிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பரவி உட்கார்ந்துகொள்ளும், ஒரு கணம்கூட மூச்சு விடாது. அப்படி இரண்டு. அப்புறம் சிம்பல்கள், மரவான், குரலின் ‘ச’, ‘ஸ’ எல்லாம் மேலே ஒரே இடத்தில் உரசும். ஒருவர் ஒலியைக் கூட்டினால் இன்னொருவர் காணாமல் போவார், அவரையும் கூட்டு, இவரையும் கூட்டு, கடைசியில் எல்லா ஃபேடரும் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) உச்சியில் இருக்கும், ஆனால் பாட்டில் பலமே இருக்காது.

இதற்கு முன்னால் இணையத்தில் ஒரு வெளிநாட்டுச் சேவையிடம் ஒரு பாட்டைக் கொடுத்துப் பார்த்தோம். பெயர் வேண்டாம். வேகமாகத்தான் திருப்பி அனுப்பினார்கள், கேட்பதற்குப் பளபளவென்றும் இருந்தது. என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? டிரம் முழுவதையும் ரெடிமேட் சாம்பிளால் (முன்பே பதிவு செய்து வைத்த அடி ஒலி) மாற்றிவிட்டு, ரவானை கேட் (மெல்லிய ஒலியை அடைத்துவிடும் கருவி) போட்டு நறுக்கி, அதன் வால் ஒலியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். ரவானில் பாதி உயிர் அந்த வாலில்தான் இருக்கிறது. ‘எத்னிக் பெர்கஷன்’ என்று ஃபைலுக்குப் பெயர் மாற்றி வைத்திருந்தார்கள், பார்த்ததும் எரிச்சல் வந்தது. திருத்தச் சொன்னால் ‘எக்ஸ்ட்ரா’ என்றார்கள். சரி, போகட்டும்.

ரோஸ் ஹில்காரர் முதல் நாள் மவுஸைத் தொட்டது ஒரே ஒரு வேலைக்கு, பாட்டை ஓட்டுவதற்கு. அதுவும் பெரிய ஸ்பீக்கர்களில் இல்லை. மேசையின் நடுவில் ஒற்றையாக ஒரு சின்னச் சதுரப் பெட்டி ஸ்பீக்கர், மோனோ, நாம் பேசுகிற அளவுக்குத்தான் ஒலி. அதன் இரு பக்கமும் பழைய யமஹா என்எஸ்10 ஜோடி இருக்கிறது. 1978ல் வீட்டு உபயோகத்துக்கு என்று வந்து, ஸ்டுடியோக்காரர்கள் கையில் சிக்கி, 2001ல் தயாரிப்பு நின்ற பிறகும் விடாமல் வைத்திருக்கிறார்களே, அந்த வெள்ளைக் கோன் ஸ்பீக்கர்தான். அதைக்கூட அன்று போடவில்லை. எங்கள் லீட் கிட்டாரிஸ்ட் பொறுக்க முடியாமல், “அண்ணே, கொஞ்சம் சத்தமா வையுங்களேன், ஃபீல் வரும்” என்றான். அவர் சிரித்துவிட்டு, “சத்தமா வச்சா எதுதான் தம்பி நல்லா இல்ல?” என்றார். ஒலியைக் குறைத்தால் காது முதலில் பாஸைத்தான் விட்டுவிடும், இதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அந்த அளவிலும் கிக் எங்கே விழுகிறது என்று தெரிந்தால் பெரிய ஸ்பீக்கரில் பிரச்சினையே வராது என்பது அவர் கணக்கு.

கேட்டு முடித்ததும் பள்ளிக்கூட நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்தார். நெடுக்காகக் கோடு போட்டு முன்னிசை, சரணம், பல்லவி, நடு இசை, பல்லவி என்று எழுதினார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு பெயர்தான் எழுத வேண்டும், இந்த இடத்தில் கேட்கிறவன் காது யார் மேல் இருக்க வேண்டும், நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று பேனாவை எங்களிடம் நீட்டிவிட்டுக் காபி போடப் போய்விட்டார். ஐந்து பேர் ஒரு தாளுக்காக அடித்துக்கொண்டோம். காபி ஆறியது. இரண்டாவது சரணத்துக்கு மட்டும் மூன்று பெயர் எழுதி, இரண்டை அடித்து, அடித்ததில் ஒன்றை மறுபடி எழுதி, அசிங்கமாக ஆகிவிட்டது அந்தக் கட்டம். நான் இதுவரை பார்த்த எந்த மிக்ஸிங் வீடியோவிலும் இதை முதல் வேலையாகச் செய்து பார்க்கவில்லை, எல்லோரும் பிளக்இன்னில்தான் (ஒலியை மாற்றும் மென்பொருள்) ஆரம்பிப்பார்கள். எனக்குக் கேட்டால், கொடுத்த காசில் பாதி இந்தத் தாளுக்கே சரியாகப் போச்சு.

அப்புறம் கிட்டார். பல்லவிக்காக நாங்கள் நாலு அடுக்கு ரிதம் கிட்டார் பதிவு செய்து வைத்திருந்தோம், தடிமனாக இருக்கும் என்று. அவர் இரண்டை மியூட் செய்துவிட்டார். மீதி இரண்டும் தனித்தனியாக வாசித்தவை, ஒன்று முழுக்க இடம், ஒன்று முழுக்க வலம். ஒரே டேக்கை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அது நடுவில்தான் கேட்கும்; இரண்டு முறை வாசித்தால் வரும் சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலத்தைக் கொடுக்கிறது. இது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது அடுத்தது: டிஸ்டார்ஷன் அதிகம், ரிஃப் எங்கே மாறுகிறது என்றே தெரியவில்லை, பாதியாகக் குறைக்க வேண்டும் என்றார். நல்லவேளை, ரெக்கார்டிங்கின்போது கிட்டாரில் இருந்து நேராக வரும் சுத்தமான டிஐ சிக்னலையும் தனியே எடுத்து வைத்திருந்தோம். அதை மறுபடி ஒரு ஆம்ப்புக்குள் விட்டு, கெய்னை (டிஸ்டார்ஷனைக் கூட்டும் அளவு) குறைத்து, ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்றை ஸ்பீக்கர் துணிக்கு ஒட்டினாற்போல் வைத்துப் புதிதாகப் பதிவு செய்தார். டிஐ எடுக்காமல் போயிருந்தால் இது நடந்திருக்காது. யார் ரெக்கார்ட் செய்தாலும் கேட்டு வாங்கி வையுங்கள்.

கெய்ன் குறைந்த கிட்டாரைத் தனியாகக் கேட்டபோது எங்கள் ஆள் முகம் தொங்கிவிட்டது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதும் வெட்டு, 300 பக்கம் ஒரு பள்ளம். பிறகு ஒரு கிட்டாருக்கு 1500 பக்கம் கொஞ்சம் ஏற்றம், இன்னொன்றுக்கு அந்த இடத்தில் இறக்கி 3000 பக்கம் ஏற்றம். தனியாகக் கேட்டால் டெலிபோனில் வாசிப்பது போலத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. பாஸோடு சேர்த்துப் போட்டார். சட்டென்று கிட்டார் பெரிதாகிவிட்டது. நாம் கிட்டாரின் கனம் என்று நினைப்பதில் பாதி பாஸ் கொடுப்பது, அவ்வளவுதான். பாஸை அவர் இரண்டாகப் பிரித்திருந்தார்: 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது சுத்தமாக, கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போட்டு அசையாமல்; மேலே இருப்பதில் டிஸ்டார்ஷன் ஏற்றிக் கிட்டார்களுக்கு அடியில் ஒட்டவைத்தது. மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால்கூட பாஸ் எங்கே போகிறது என்று தெரிவதற்கு அந்த மேல் பாதிதான் காரணம்.

கிட்டாரைத் தனியாக சோலோ போட்டுக் கேட்காதே என்று அன்று அவனிடம் சொன்னார். அவன் இன்னும் வீட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்பது வேறு விஷயம்.

இப்போது ரவான். இந்த ஸ்டுடியோவுக்கு நான் இவ்வளவு எழுதுவதே இதற்காகத்தான். எங்கள் ரவான்காரர் எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர், தொந்தோன், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவோம். இப்போது பலர் செயற்கைத் தோல் போட்ட ரவான் வைத்திருக்கிறார்கள், மழை வெயில் என்று பார்க்க வேண்டாம், வசதி. தொந்தோன் ஆட்டுத்தோலைத்தான் வாசிப்பார். ஆட்டுத்தோல் ரவானை வாசிப்பதற்கு முன் தீயில் காட்டிச் சூடேற்ற வேண்டும், அப்போதுதான் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஈரக் காற்றில் கொஞ்ச நேரத்திலேயே தொங்கிவிடும். நாங்கள் பதிவு செய்த அன்று சாயங்காலம் மழை. பாட்டின் ஆரம்பத்தில் இருக்கும் ரவானும் கடைசியில் இருக்கும் ரவானும் ஒரே வாத்தியம் என்று சொன்னால் நம்ப முடியாது, சுருதி அவ்வளவு இறங்கியிருந்தது. டிரம்மை இப்படி வைத்திருந்தால் இஞ்சினியர்கள் சாம்பிள் போட்டு மூடிவிடுவார்கள். இவர் அதைத் திருத்தவே இல்லை. முதல் பாதியில் ரவானுக்காகக் கிக்கின் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) கொடுத்திருந்த பள்ளத்தை, பாட்டு போகப்போக ஆட்டோமேஷனில் (அளவுகளைத் தானாக மாற்றும் ஏற்பாடு) கீழே நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். ரவான் இறங்க இறங்க அந்தப் பள்ளமும் கூடவே இறங்குகிறது. ஸ்கிரீனில் அந்தக் கோட்டைக் காட்டினார், மெல்லிய சரிவாக, பாட்டு முழுக்க. தொந்தோனுக்குக் கம்ப்யூட்டர் புரியாது, கோட்டைப் பார்த்துவிட்டு “கொரெக்” (சரி) என்று மட்டும் சொன்னார்.

தாளம் இன்னொரு சிக்கல். சேகா, அதாவது ரவானோடு வரும் மொரீசியஸ் நாட்டுப்புற இசை, 6/8ல் போகிறது, எங்கள் டிரம்மர் பல்லவியில் நேர் 4/4ல் அடிக்கிறான், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஓடுகிற இடம்தான் எங்கள் பேண்டின் அடையாளமே. ஆனால் கிக்கும் ரவானும் சில இடங்களில் இடித்துக்கொள்ளும், சில இடங்களில் மயிரிழை முன்னே பின்னே விழும், அங்கெல்லாம் அடி கனமாக விழாமல் கொழகொழவென்று ஆகிவிடும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் தாளக் கட்டத்தில் (கிரிட்) ஒட்டவைத்து நேராக்குவது சுலபம், இரண்டு நிமிட வேலை. அவர் அதைச் செய்யவில்லை. முதல் சரணத்தில் கிக் டிரம்மையே எடுத்துவிடலாமா, கீழ் ஒலியை ரவான் மட்டும் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். டிரம்மர் ஒரு நிமிடம் பேசவில்லை. தாளில் அந்தக் கட்டத்தில் ‘ரவான்’ என்று எழுதியது அவனே. சரி என்றான். பல்லவியில் கிக் உள்ளே நுழையும்போது நெஞ்சில் இடிக்கிறது, ஏனென்றால் அதுவரைக்கும் அது இல்லை. இதற்கு எந்தக் கம்ப்ரஸரும் தேவைப்படவில்லை.

பல்லவியில் மட்டும் ரவான் விழும்போதெல்லாம் கிட்டார்கள் இரண்டு டெசிபல் போலக் குனிந்து எழுகின்றன, சைட்செயின் (ஒரு ஒலி வந்தால் இன்னொன்றைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு) வைத்து. சொன்னால் ஒழியக் காதுக்குத் தெரியாது. ரவானைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினார். மரவானை வலது ஓரத்தில் வைத்து, ஹைஹாட் இடப்பக்கம் விழும்படி டிரம்முக்கு மேலே இருக்கும் ஓவர்ஹெட் மைக்குகளைத் திருப்பிப் போட்டார். இரண்டும் ஒரே உயரத்தில் ‘ஷ்ஷ்’ என்று இரைகிறவை, ஒரே பக்கம் இருந்தால் ஒன்று வீண். எங்கள் டிரம்மர் சிம்பலை ஆத்திரத்தோடு அடிப்பான், அது ஸ்னேர் மைக்கிலும் டாம் மைக்கிலும் புகுந்து வந்திருந்தது, அதற்கு மட்டும் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றாவது பாட்டில் இன்னும் அது காதைக் குத்துகிறது.

எல்லாம் ஒன்றாக ஒட்டுவது எப்படி என்று கேட்டால், நிறைய பேர் மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ஒலியும் கடைசியாகச் சேரும் பாதை) போடும் கம்ப்ரஸரைத்தான் மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். அவரும் போடுகிறார். எஸ்எஸ்எல் 4000 ஜி மிக்ஸிங் கன்ஸோலில் இருந்த கம்ப்ரஸரைப் பார்த்துச் செய்த பிளக்இன், விகிதம் 2க்கு 1, அட்டாக் (அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்) 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) ஆட்டோ, முள் இரண்டு டெசிபலைத் தாண்டுவதில்லை. அட்டாக்கை மெதுவாக வைத்தால் டிரம் அடியின் முன்முனை நசுங்காமல் வெளியே வந்துவிடும், பின்னால் வருவது மட்டும் அழுந்தும். மிக்ஸ் முடிந்ததும் மேலே பூசுவதில்லை, தொடக்கத்திலேயே போட்டுவிட்டு அதற்குள்ளேயே மிக்ஸ் செய்கிறார். ஆனால் அதை அணைத்துவிட்டும் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பாட்டு அப்படியேதான் நின்றது, கொஞ்சம் தளர்வாக. எனக்கு அங்கேதான் அவர் மேல் மரியாதை வந்தது, ஏனென்றால் எத்தனை ஆட்கள் தங்கள் வித்தையை அணைத்துக் காட்டுவார்கள்?

என் காதுக்கு ஒட்டவைத்தவை வேறு இரண்டு. ஒன்று, டிரம், ரவான், கிட்டார், குரல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே குட்டி அறை ரிவெர்புக்கு (அறையில் ஒலி எதிரொலிப்பது போன்ற விளைவு) அனுப்பியது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் பதிவு செய்தவர்கள் ஒரே ஹாலில் நிற்பது போல் ஆகிவிட்டது. இரண்டாவது, பல்லவி பெரிதாகக் கேட்பதற்குப் பல்லவியைக் கூட்டாமல் அதற்கு முந்தைய எட்டு பார்களை (தாளச் சுற்றுகளை) ஒரு டெசிபல் இறக்கி, கிட்டார்களையும் ஓரத்தில் இருந்து நடுவுக்குக் கொஞ்சம் நெருக்கியது. பல்லவி தொடங்கியதும் இரண்டும் பழைய இடத்துக்கு விரியும். ஆற்றல் என்று நாங்கள் கேட்டது இதைத்தான். டிரம்மை நகலெடுத்து நன்றாக நசுக்கி அடியில் கலக்கும் பேரலல் வேலையும் உண்டு, அது எல்லோரும் செய்வதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய குறை தமிழ்க் குரல். அவர் தமிழ்க் குடும்பம்தான், காவடிக்கு விரதம் இருக்கிறவர், கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்தவர், நாம் பேசினால் நன்றாகப் புரிந்துகொள்வார், ஆனால் பதில் பெரும்பாலும் கிரியோலில்தான் வரும். பாட்டு வரிகள் என்று வந்தால் அவர் காது கிரியோலுக்கும் ஆங்கிலத்துக்கும் பழகியது. ராக்கில் குரலைக் கிட்டாருக்குள் கொஞ்சம் புதைத்து வைப்பது வழக்கம், அது கிரியோல் குரலுக்குச் சரியாக இருந்தது, அதில் பாதி வரிகள் கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிற கோஷம்தான். தமிழ் சரணத்தில் வரிகள் நீளம், சொற்கள் நெருக்கம். முதல் மிக்ஸில் என் அம்மா கேட்டுவிட்டு, “என்னடா பாடுற, ஒண்ணும் விளங்கலையே” என்றார். குரலைக் கூட்டச் சொன்னால் ஒரேயடியாகக் கூட்டிவிட்டார், இப்போது இசைக்கு மேலே குரல் தனியாக மிதந்தது. இரண்டாவது திருத்தத்தில் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சொல்லின் கடைசி எழுத்து விழுங்கப்படுகிறது என்று வரி வரியாகச் சொல்ல, அவர் அந்தச் சொற்களை மட்டும் ஃபேடரில் தூக்கிவிட்டு, குரல் வரும்போது 2000க்கும் 4000க்கும் நடுவே கிட்டார் கொஞ்சம் விலகும்படி வைத்தார். ரிவெர்பை எடுத்துவிட்டு நூறு மில்லிசெகண்ட் போல ஒரு ஒற்றை எதிரொலி. அதன் பிறகுதான் சரியானது. தமிழில் பாடுகிறவர்கள் தயவுசெய்து நேரில் போய் உட்காருங்கள், ஃபைலை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தால் இது நடக்காது.

இரண்டாவது குறை சத்தம். மாஸ்டரிங்கும் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) அவரே செய்கிறார், விலையில் அடக்கம். வந்த ஃபைலை மீட்டரில் போட்டால் மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தின் அளவீடு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்). ஸ்பாட்டிஃபை சாதாரணமாக மைனஸ் 14க்குத்தான் ஓட்டுகிறது, அதைவிடச் சத்தமாக இருந்தால் குறைத்துவிடும். அப்படியிருக்க நசுக்கி என்ன லாபம்? 2008ல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ வந்தபோது, ஆல்பத்தைவிட கிட்டார் ஹீரோ விளையாட்டில் இருந்த பதிப்பு குறைவாக நசுங்கி நன்றாக இருக்கிறது என்று ரசிகர்களே சண்டைக்குப் போனார்கள். நான் இதைச் சொன்னேன். அவர், காரில் அடுத்த பாட்டுக்குப் பக்கத்தில் உன் பாட்டு சின்னதாகக் கேட்டால் என்னைத்தானே திட்டுவாய் என்றார். அதுவும் நியாயம்தான், ராக்குக்கு மைனஸ் 14 என்பது சாதுவாக இருக்கும். கடைசியில் மைனஸ் 10ல் ஒன்று, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல், கேட்டு வாங்கினோம். அதில் ஸ்னேர் மறுபடி முன்னால் வந்து நின்றது. நீங்களும் கேட்டு வாங்குங்கள், அவராகத் தர மாட்டார்.

மூன்றாவது, முதல் மிக்ஸை வாட்ஸ்ஆப்பில் ஆடியோவாக அனுப்பிவிட்டார். அது ஒலியைச் சுருக்கிவிடும், சிம்பல் எல்லாம் தண்ணீரில் நனைந்த மாதிரி இருந்தது, ஒரு ராத்திரி முழுக்க பேண்ட் குரூப்பில் தேவையில்லாத புலம்பல். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் ஒழுங்காக வரும், அவருக்கும் தெரியும், சோம்பல்தான்.

தாமதமும் உண்டு. முதல் தாமதத்துக்குக் காரணம் புயல், மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் ஊரே அடைத்துவிடும், அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது தாமதத்துக்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. போன் எடுக்காமல் இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று “முடிஞ்சிருச்சு, வாங்க” என்றார். வெளியீட்டுத் தேதி குறித்துவிட்டு அவரிடம் போகாதீர்கள்.

விலை ஒரு பாட்டுக்கு 7000 மொரீசியஸ் ரூபாய், மாஸ்டரிங் சேர்த்து, இரண்டு திருத்தம் வரை. மூன்றாவது திருத்தத்தில் இருந்து மணிக் கணக்கு. கிட்டாரை மறுபடி ஆம்ப்பில் விட்டதற்குத் தனியாக வாங்கினார், முன்கூட்டியே சொல்லித்தான் வாங்கினார். பாதிப் பணம் முன்னால், மீதி ஃபைல் வாங்கும்போது. ரசீது கேட்டால் தருகிறார். அறை சின்னது, ஐந்து பேர் உட்கார்ந்தால் ஏசி திணறும். பின்னால் உட்காருகிறவருக்கு பாஸ் இரண்டு மடங்காகக் கேட்கும், அது அந்த மூலையின் குணம், முடிவு எதுவும் அங்கிருந்து எடுக்க வேண்டாம், அவர் நாற்காலியில் ஒருமுறை மாறி உட்கார்ந்து கேளுங்கள். கார் நிறுத்த இடமில்லை. எதிரில் நல்ல தால் புரி (பருப்பு வைத்த ரொட்டி) கிடைக்கும்.

போகிறவர்கள் எல்லா ட்ராக்கையும் ஒரே புள்ளியில் தொடங்கி 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்துக்கொண்டு போங்கள், பெயர்களைத் தெளிவாக வையுங்கள், கிட்டாரின் டிஐயை மறக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒலிக்கிற பாட்டு ஒன்றிரண்டையும் கொண்டுபோனால் அவருக்கு வேலை சுலபம். பேண்டில் எல்லோருமே எப்போதும் கேட்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் இருந்தால் முதல் நாள் அவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், தாளில் பெயர் எழுதும் சண்டை அங்கேயே முடிந்துவிடும். ஆண்டுக் கடைசி நெருங்கினால் சேகாக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், அக்டோபருக்கு முன்னால் போய்விடுவது நல்லது. எங்கள் அடுத்த இரண்டு பாட்டையும் அவரிடமே கொடுப்பதாக இருக்கிறோம், டிரம்மர் மட்டும் இன்னும் யோசிக்கிறான்.